புகை வராத நாளில்தான் உற்பத்தி

அனல் மின் நிலையத்தில் வேலை பார்க்கிறவனிடம் ஊர்க்காரர்கள் முதலில் கேட்பது புகையைப் பற்றித்தான். "என்ன சார், இன்னைக்குப் புகையையே காணோம், யூனிட் நின்னுபோச்சா?" என்பார்கள். அன்றைக்கு யூனிட், அதாவது ஒரு பாய்லரும் டர்பைனும் சேர்ந்த உற்பத்தித் தொகுதி, 205 மெகாவாட்டில் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும். கரும்புகை எழும்புகிற நாளில்தான் யூனிட் ட்ரிப் ஆகி, தானாக நின்றுபோயிருக்கும். எண்ணெய் விட்டு பாய்லரை மறுபடி பற்றவைத்துக்கொண்டிருப்போம். அந்த நேரத்தில் புகையிலிருந்து சாம்பலை மின்சாரத்தால் பிடிக்கும் ஈ.எஸ்.பி. கருவிக்கு மின்னழுத்தம் கொடுப்பதில்லை. முழுதாக எரியாத எண்ணெய் தகடுகளில் படிந்தால் உள்ளேயே தீப்பிடிக்கும்.

நான் இருந்தது தமிழகக் கடற்கரையில், பழைய 210 மெகாவாட் யூனிட்டில். கரி ஒடிசாவின் தால்சரிலிருந்து ரயிலில் பாரதீப் துறைமுகம் போய், அங்கிருந்து கப்பலில் வரும். அதில் நூற்றுக்கு நாற்பது பங்கு சாம்பல். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் கரி ஆகும். முழு லோடில் மணிக்குக் கிட்டத்தட்ட 150 டன், நாளுக்கு 3,500 டன். ஏறக்குறைய ஒரு கூட்ஸ் வண்டி நிறைய வருகிற கரியை ஒரே நாளில் தின்றுவிட்டு, 1,400 டன் சாம்பலைக் கையில் கொடுக்கும். தயாரிக்கிற மின்சாரத்திலும் நூற்றுக்கு எட்டு ஒன்பது பங்கு கரி அரைக்கும் எங்கள் மில்களுக்கும் பம்புகளுக்கும் விசிறிகளுக்குமே போய்விடும்.

சாம்பலில் ஐந்தில் ஒரு பங்கு பாய்லருக்கு அடியில் விழும். மீதி புகையோடு பறக்கும். அதைப் பிடிப்பதுதான் ஈ.எஸ்.பி.யின் வேலை. பல்லாயிரம் வோல்ட் அழுத்தத்தில் தூள் மின்னேற்றம் பெற்றுத் தகட்டில் ஒட்டும். சுத்தியல்கள் தட்டிவிட, கீழே ஹாப்பர் என்கிற புனல் வடிவத் தொட்டியில் கொட்டும். சொல்ல எளிது. சாம்பல் ஆறி, ஈரம் கோத்து, ஹாப்பர் அடைத்துக்கொண்டால் மட்டம் ஏறி மின்முனையைத் தொடும். ஈ.எஸ்.பி.யின் அந்தப் பகுதி (ஃபீல்டு) வேலை செய்யாமல் போய்விடும். அப்போது ஒப்பந்தத் தொழிலாளர்கள்தான் அனலுக்குள் நின்று சம்மட்டியால் ஹாப்பரை அடித்து இறக்குவார்கள். புகைபோக்கியில் காட்டும் தூளின் அளவு நல்லதா கெட்டதா என்பது பாதி அவர்கள் கையில். பாராட்டுக் கடிதம் மட்டும் மெகாவாட்டுக்கு வரும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் நாட்டுக் கரியில் கந்தகம் குறைவு, சுமார் அரை சதவீதம்தான். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் கந்தகம் குறைந்தால் சாம்பலின் மின்தடை கூடி, தகட்டில் சரியாகப் பிடிபடாது. அதைச் சரிக்கட்டப் புகையில் கொஞ்சம் அம்மோனியா சேர்க்கிற நிலையங்கள் உண்டு.

குறைந்த கந்தகம் என்றாலும் மணிக்கு 150 டன்னில் கணக்குப் பார்த்தால் ஒன்றரை டன் கந்தக டை ஆக்சைடு வருகிறது. 2015 டிசம்பரில் வந்த விதிகளின்படி எங்கள் வயதுள்ள யூனிட்டுக்குத் தூள் ஒரு கனமீட்டருக்கு 100 மில்லிகிராம், கந்தக டை ஆக்சைடு 600. புகையிலிருந்து கந்தக டை ஆக்சைடைக் கழுவி எடுக்கும் அமைப்பு இல்லாமல் இரண்டாவதை எட்டுவது கடினம். 2025 ஜூலை அறிவிக்கையில், பெருநகரங்களுக்குத் தொலைவில் உள்ள பெரும்பாலான நிலையங்களுக்கு, புகைபோக்கி போதிய உயரம் இருந்தால் இந்த வரம்பிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் வகை யூனிட்டுக்கு உயரம் 220 மீட்டர். உயரம் வாயுவைக் குறைக்காது. தூரமாகக் கொண்டுபோய் இறக்கும், அவ்வளவுதான். எனக்கு இந்த விலக்கு பிடிக்கவில்லை.

கார்பன் டை ஆக்சைடுக்கு இந்த விதிகளில் வரம்பே கிடையாது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ, அதாவது மணிக்கு 200 டன்னுக்கு மேல். "எரிச்ச கரியை விட அதிகமா எப்படி சார்?" என்று புதிதாகச் சேர்ந்த உதவிப் பொறியாளர்கள் கேட்பார்கள். காற்றிலிருந்து சேர்கிற ஆக்சிஜனின் எடையைச் சொன்னால் புரிந்துவிடும்.

இப்போது சூரிய மின்சாரம் கூடிவிட்டது. வெயில் ஏறியதும் எந்த நிலையம் எவ்வளவு உற்பத்தி செய்வது என்று சொல்லும் லோடு டெஸ்பாட்ச் சென்டரிலிருந்து போன் வரும், குறைக்கச் சொல்லி. முழுத் திறனில் 55 சதவீதம்வரை இறக்குவோம். மொத்தத்தில் கரி மிச்சம், உண்மைதான். ஆனால் குறைந்த லோடில் பாய்லரும் டர்பைனும் திறன் குன்றி ஓடுவதால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஆகிற கரி கூடும். மாலையில் ஏற்றச் சொல்வார்கள். நிறுத்திய மில்லை மறுபடி ஓட்ட எண்ணெய் விட வேண்டும். மாத அறிக்கையில் எண்ணெய்ச் செலவு கூடியிருப்பதைப் பார்த்து மேலிடம் விளக்கம் கேட்கும். "பேக் டவுன்", அதாவது சொன்னபடி லோடைக் குறைத்தோம், என்று எழுதி அனுப்புவோம். அடுத்த மாதமும் கேட்பார்கள், அதையே எழுதுவோம்.