பொங்கலுக்கு வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறவர்களுக்கு

திருநெல்வேலியில் பொங்கல் முடித்து நேற்றுதான் சென்னை வந்து சேர்ந்தோம். வீடு வைத்தது வைத்தபடி இருக்கிறது. ஆனால் கிளம்புவதற்கு முந்தைய வாரம் பட்ட பாட்டை எழுதாவிட்டால் எனக்கு ஆறாது. ரயில் டிக்கெட்டெல்லாம் 60 நாள் முன்பே எடுத்தாயிற்று, அதில் சிக்கல் ஒன்றுமில்லை. வீட்டைப் பூட்டுவதுதான் பெரும்பாடு.

பண்டிகைக்கு வெளியூர் போகிறவர்கள் உள்ளூர் காவல் நிலையத்தில் தகவல் சொல்லிவிட்டுப் போங்கள் என்று வருஷா வருஷம் அறிவிப்பு வரும். சரி என்று வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டர் பேனாவைக்கூட எடுக்கவில்லை. "எந்தத் தெரும்மா? அது நம்ம லிமிட் இல்லையே." மெயின் ரோடுதான் எல்லையாம். ரோட்டுக்கு இந்தப் பக்கம் அவர்கள், அந்தப் பக்கம் வேறு ஸ்டேஷன். அதுவோ ரயில்வே கேட்டைத் தாண்டிப் போக வேண்டும். உங்கள் லிமிட் எது என்று தெரியாவிட்டால் ஒரு குறுக்குவழி இருக்கிறது: பாஸ்போர்ட் விசாரணைக்கு எந்த ஸ்டேஷனிலிருந்து வந்தார்களோ, பெரும்பாலும் அதுதான். இந்த யோசனையைச் சொன்னது அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், ரைட்டர் இல்லை.

இரண்டாவது ஸ்டேஷனில் மரியாதையாகத்தான் நடத்தினார்கள். ஆனால் கூடம் நிறைய ஆட்கள். நான் மெதுவாக விஷயத்தைச் சொன்னால், அந்தக் காவலர் ஊருக்கே கேட்கும்படி, "எத்தனை நாள் பூட்டிக் கிடக்கும்? நகை ஏதும் வெச்சிருக்கீங்களா?" என்கிறார். வாயில் பதில் சொல்லாமல் பேப்பரை வாங்கி எழுதிக் கொடுத்தேன். நீங்கள் வீட்டிலேயே எழுதிக்கொண்டு போய்விடுங்கள். விலாசம், போகிற தேதி, வருகிற தேதி, உங்கள் நம்பர், சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் நம்பர், ஆதார் நகல். இவ்வளவு போதும்.

ரோந்து வருகிறவர் கையெழுத்துப் போட பட்டா நோட்டு ஒன்றை கேட்டில் மாட்டிவிடுகிறோம் என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பூட்டிய கேட்டில் புதிதாக ஒரு பட்டா நோட்டு தொங்கினால், உள்ளே ஆளில்லை என்று போர்டு எழுதி மாட்டின மாதிரிதானே? எதிர்வீட்டு அக்கா வீட்டு கேட்டில் வைக்கச் சொன்னேன். கொஞ்சம் முறைத்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். சில இடங்களில் இப்போது நோட்டுக்குப் பதில் க்யூஆர் கோடு ஒட்டுகிறார்களாம். அதையும் எதிர்வீட்டிலேயே ஒட்டச் சொல்லுங்கள்.

பேங்க் லாக்கர் கதை தனி. நம் சாவியோடு அவர்கள் சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும். அந்தச் சாவியை வைத்திருப்பவர் லீவாம், "நாளைக்கு வாங்க மேடம்." இன்னொருவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் போக மாட்டார்களா? பண்டிகைக்கு முந்தைய நாட்களை நம்பாதீர்கள், இரண்டாவது சனிக்கிழமை பேங்கே கிடையாது என்பதையும் கணக்கில் வையுங்கள். லாக்கரில் வைத்துவிட்டால் முழுப் பொறுப்பும் பேங்குடையது என்று எங்கள் வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டிருந்தார். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி திருட்டோ தீ விபத்தோ பேங்க் தரப்புக் குறையால் நடந்தாலும், அவர்கள் பொறுப்பு வருட வாடகையைப் போல 100 மடங்கு வரைதான். வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். இன்றைய தங்கம் விற்கிற விலைக்கு அது எந்த மூலைக்கு?

வீட்டைக் காட்டிக்கொடுப்பது பெரிய விஷயங்கள் இல்லை. பால் பாக்கெட், பேப்பர், பகலிலும் எரிகிற வாசல் லைட், கேட்டில் செருகின விளம்பர நோட்டீஸ். பேப்பர் ஏஜெண்டிடம் நிறுத்தச் சொன்னால் அவர் தலையாட்டுவார், போடுகிற பையனுக்குத் தகவல் போகாது. அதனால் நிறுத்தவே இல்லை. பால்காரத் தம்பியிடமும் பேப்பர் பையனிடமும் நேரே, "எதிர்வீட்டில் போட்டுவிடு" என்று சொன்னேன். அடுத்தது கோலம். மார்கழியில் தெருவே கோலமாக இருக்கும்போது ஒரு வாசல் மட்டும் காய்ந்து கிடந்தால் போதாதா? வீட்டு வேலைக்கு வரும் செல்வி அக்காவிடம் லீவு நாளுக்கும் சம்பளத்தைக் கொடுத்து, காலையில் தெளித்துக் கோலம் மட்டும் போடச் சொன்னேன். பொங்கலன்று பானையும் கரும்பும் வைத்து ஒரு கலர் கோலம் போட்டிருந்தார் பாருங்கள், நான் இருந்தால்கூட அப்படிப் போட்டிருக்க மாட்டேன்.

அதை கேமராவில்தான் பார்த்தேன். அந்த கேமராவும் முதல் ராத்திரியே மானத்தை வாங்கியது. ரயில் விழுப்புரம் தாண்டும்போது போனைத் திறந்தால் ஆஃப்லைன். எங்கள் வீட்டுக்காரர் ஷார்ட் சர்க்யூட் பயத்தில் கிளம்பும்போது மெயினை அணைத்திருக்கிறார். மோடமும் போச்சு, கேமராவும் போச்சு, ஃபிரிட்ஜில் இருந்த மாவும் போச்சு. எதிர்வீட்டு அக்கா மகன் போய், நான் வீடியோ காலில் வழி சொல்லச் சொல்ல, மெயினைப் போட்டு ஏசி, கீசர், மோட்டார் இவற்றுக்கான தனித்தனி எம்சிபி சுவிட்சுகளை மட்டும் இறக்கிவிட்டான். அதைத்தான் முதலிலேயே செய்ய வேண்டும்.

இவ்வளவு பொத்திப் பொத்திச் செய்ததற்கு, மறுநாள் காலை நலச்சங்க வாட்ஸப் குரூப்பில் ஒரு அறிவிப்பு: "கீழ்க்கண்ட வீடுகள் பொங்கல் விடுமுறையில் பூட்டியிருக்கும், உறுப்பினர்கள் கவனித்துக்கொள்ளவும்." கதவு எண், தேதி எல்லாம் வரிசையாக! அந்த குரூப்பில் காலி செய்துவிட்டுப் போன வாடகைக்காரர்கள், தண்ணீர் கேன் போடுகிறவர், யாரென்றே தெரியாத நம்பர்கள் எல்லாம் உண்டு. செயலாளருக்கு போன் செய்தால், "நல்லதுக்குத்தானேம்மா போட்டேன்" என்கிறார். எல்லோருக்கும் டெலீட் ஆகும்படி அழிக்க வைப்பதற்குள் ஒருவர் "ஹாப்பி ஜர்னி" போட்டுவிட்டார். சங்கத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து இதை மட்டும் முதலிலேயே பேசி வையுங்கள்.

மற்றதெல்லாம் சுருக்கம்தான். மொட்டைமாடிக் கதவுக்கு உள்பக்கம் இரும்புப் பட்டை. கேட் பூட்டு வெளியே தெரியாமல் உள்பக்கமாக. அக்கா மகன் பைக் எங்கள் போர்ட்டிகோவில். ஊர்ப் படங்களைத் திரும்பி வந்த பிறகுதான் ஸ்டேட்டஸில் போட்டேன், கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

வந்ததும் ஸ்டேஷனுக்கும் சொல்ல வேண்டும். போன் செய்தேன். ரைட்டர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, "நீங்க வர இன்னும் ஒரு வாரம் இருக்கேம்மா, அதுக்குள்ள வந்துட்டீங்களா?" என்றார். நான் எழுதிக் கொடுத்த தேதி ஒன்று, பதிவேட்டில் ஏறியது வேறொன்று. உங்கள் தேதியை அவர்கள் எழுதும்போது எட்டிப் பார்த்துவிடுங்கள்.