ஆப் ரெடி, அப்புறம்?

"ஆப் ரெடிண்ணா, நாளைக்கு ஸ்டோர்ல வந்துடும்ல?" என்று தம்பி ஒருவன் போனை நீட்டினான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நெட்டை அணைத்துவிட்டு ஒரு பட்டனைத் தொட்டேன். வெள்ளைத் திரை, நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை இல்லை.

திரைகள் முடிந்தால் ஆப் முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நெட் போனால், பாஸ்வேர்டு மறந்தால், பழைய போனில் திறந்தால் என்ன ஆகும் என்பதில்தான் நிஜமான வேலையே இருக்கிறது.

சரி, அந்த 'நாளைக்கு'?

ஆப் வெளியிடுவதற்காக 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருந்த பிறகுதான் கூகுள் பிளேயில் வெளியிட அனுமதியே கேட்க முடியும். (முதலில் 20 பேர் கேட்டார்கள், நல்லவேளை குறைத்துவிட்டார்கள்.) ஆப்பிளிலோ, பயன்படுத்துகிறவர் ஆப்புக்குள் கணக்கு தொடங்க வழி வைத்தால் அந்தக் கணக்கை அழிக்கவும் அங்கேயே வழி வைக்க வேண்டும்.

வெளியிட்டதும் கூட்டம் தானாக வந்துவிடும் என்பது இன்னொரு ஆசை. வராது.

ஒருமுறை செய்துவிட்டால் போதும் என்பதும் அப்படித்தான். புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்ப மாற்றாமல் விட்டால், புதுப் போன் வாங்குகிறவர்களுக்கு அந்த ஆப் பிளே ஸ்டோரில் கண்ணிலேயே படாமல் போய்விடும்.