ஒரே முகவரியில் இரண்டு பேர்

விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸ் காலத்தில் கணினியில் 4 எம்பி மெமரி இருந்தாலும் 'மெமரி போதவில்லை' என்று ஃபாக்ஸ்புரோ என்ற தரவுத்தள மென்பொருள் நின்றுவிடும். சாதாரண டாஸ் புரோகிராம்களுக்கு முதல் 640 கேபிதான் இடம். மவுஸ், நெட்வொர்க் அட்டை போன்றவற்றை இயக்கும் டிரைவர் புரோகிராம்களும் அதற்குள்தான் உட்கார வேண்டும். 1991-இல் எம்எஸ்-டாஸ் 5 வந்தபிறகு, 640 கேபிக்கும் 1 எம்பிக்கும் நடுவில் காலியாக இருக்கும் முகவரிகளுக்கு டிரைவர்களை ஏற்ற முடிந்தது. அதற்கு வழி செய்த மெமரி மேனேஜர் இஎம்எம்386. டாஸ் 6-இல் மெம்மேக்கர் என்ற கருவி இதையெல்லாம் தானாகவே அமைத்துக் கொடுத்தது.

சர்வீஸ் எஞ்சினியராக நான் அதிகம் மல்லுக்கட்டியது இதோடுதான். ஓர் அலுவலகத்தில் மெம்மேக்கர் ஓட்டிய மறுநாள் சில கணினிகளுக்கு அலுவலகக் கோப்புகள் இருக்கும் நெட்வேர் சர்வர் கிடைக்கவில்லை. வேறு சில, லாகின் செய்யும்போதே கீபோர்டு உட்பட உறைந்துபோயின. இரண்டும் வேறு வேறு கோளாறு என்று நினைத்து நெட்வொர்க் கேபிள், அதைக் கணினியோடு இணைக்கும் டி-கனெக்டர், கேபிளின் முனையில் மாட்டும் 50 ஓம் டெர்மினேட்டர் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்திருந்தார்கள்.

நான் முதலில் தொட்டது எஃப்8 விசையை. பூட் ஆகும்போது அதை அழுத்தினால், எந்தெந்த டிரைவர்கள் ஏற வேண்டும் என்று சொல்லும் கான்ஃபிக்.சிஸ் கோப்பின் ஒவ்வொரு வரிக்கும் நம்மிடம் சம்மதம் கேட்கும். இஎம்எம்386 வரிக்கு மட்டும் வேண்டாம் என்றேன். லாகின் உடனே நடந்தது. சரி, அப்படியென்றால் கேபிளில் குறையில்லை.

அந்த நெட்வொர்க் அட்டை, 640 கேபிக்கு மேலுள்ள டி000 (பதினாறடிமான எண்) என்ற முகவரியிலிருந்து 16 கேபியைத் தன் பஃபருக்கு, அதாவது தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடத்துக்கு, எடுத்துக்கொள்ளும் வகை. ஆனால் அதன் டிரைவர் ஏறும்வரை அட்டை அந்த இடத்தில் தலைகாட்டாது. முன்னதாகவே ஏறும் இஎம்எம்386 தேடிப் பார்த்து, காலி இடம் என்று முடிவு செய்து, அங்கே சாதாரண மெமரியைப் பொருத்திவிடும். அப்புறம் வரும் நெட்வொர்க் டிரைவர், அட்டைக்கு எழுதுவதாக நினைத்து அந்த மெமரியில் எழுதும். அங்கே எதுவும் இல்லாவிட்டால் சர்வர் கிடைக்காது. வேறொரு டிரைவர் குடியிருந்தால் அது அழிந்து கணினி உறைந்துவிடும். காரணம் ஒன்றுதான், முகம்தான் இரண்டு. இதில் எந்த மென்பொருளும் பழுதில்லை என்பதுதான் என்னை இன்றும் ஈர்க்கிறது. தனித்தனியாகச் சோதித்தால் இரண்டுமே சரியாக ஓடும்.

மருந்து ஒரே சொல்: இஎம்எம்386 வரியின் கடைசியில் 'எக்ஸ்=டி000-டி3எஃப்எஃப்'. அந்த எல்லையை மட்டும் தொடாதே என்று அர்த்தம். இதனால் 16 கேபி போகிறதே என்று சிலருக்கு வருத்தம். மெமரிக் கணக்கைக் காட்டும் 'மெம் /சி' கட்டளையில் தெரியும் காலி இடத்தின் எண்ணை உயர்த்துவதில் அன்று ஒரு போட்டியே நடந்தது. ஃபாக்ஸ்புரோ ஓடும் அளவுக்கு இடம் கிடைத்தால் போதும். அதற்கு மேல் ஒரு கேபிக்காகக் கணக்குக் கோப்பை ஆபத்தில் விடுவது தவறு என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

இஎம்எம்386 இல்லாத கணினிகளில் விண்டோஸ் 3.1 தானே இதே தேடலைச் செய்யும். அங்கே, அந்த நடுப் பகுதியைத் தொடாமல் விண்டோஸைத் தொடங்கும் 'வின் /டி:எக்ஸ்' கட்டளையைக் கொடுத்துப் பார்ப்பேன். அப்படி ஒழுங்காக ஓடினால், விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் சிஸ்டம்.இனி கோப்பில் 'இஎம்எம்எக்ஸ்க்ளூட்' வரியை எழுதி அதே முகவரியை விலக்கிவிடுவேன்.