போகாதும்மா என்று சொன்னேன்

“டேட்டா எதுவும் போயிடாதுல்ல அண்ணா?”

“போகாதும்மா.”

பேச்சு இவ்வளவுதான். மூன்று மாதம் ஆகிவிட்டது. கம்ப்யூட்டர் லேபைப் பூட்டிவிட்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது இன்னும் இந்த இரண்டு வரிதான் மண்டைக்குள் ஓடுகிறது.

கேட்டவர் ஓர் ஆய்வு மாணவி. அவர் கேட்டது சின்ன வேலை. லேப்டாப்பில் விண்டோஸ் 11, பக்கத்தில் உபுண்டு 22.04 என்ற இன்னொரு ஓஎஸ் (ஆப்பரேட்டிங் சிஸ்டம்). ஆன் செய்தால் எந்த ஓஎஸ் வேண்டும் என்று கேட்கும் க்ரப் மெனுவில் உபுண்டு மட்டும்தான் வரும், விண்டோஸ் வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் எஃப்12 அழுத்தி, மதர்போர்டு காட்டும் பூட் பட்டியல் வழியாகத்தான் போக வேண்டும். அது மெனுவிலேயே வந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்றார். காரணம் எனக்குத் தெரியும். க்ரப் 2.06 பதிப்பிலிருந்து வேறு ஓஎஸ் இருக்கிறதா என்று தேடும் ஓஎஸ்-ப்ரோபரைப் பாதுகாப்புக்காக நிறுத்தியே வைத்திருக்கிறார்கள். செட்டிங்ஸ் ஃபைலில் ஒரு வரி சேர்த்து மெனுவைப் புதுப்பித்தால் போதும். செய்தேன். ‘விண்டோஸ் பூட் மேனேஜர் கிடைத்தது’ என்று திரையில் வந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

அங்கேயே லேப்டாப்பை மூடிக் கையில் கொடுத்திருக்கலாம்.

ஆனால் எஃப்12 பட்டியலில் ‘உபுண்டு’ என்ற பெயரிலேயே இரண்டு என்ட்ரி இருந்தது. முன்பு யாரோ பூட் ரிப்பேர் என்ற டூலை ஓட்டியிருப்பார்கள் போல. அவர் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. எனக்குத்தான் உறுத்தியது. பழசு ஒன்று சும்மா கிடக்கிறது, எடுத்துவிட்டால் சுத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். அப்போதுதான் அவர் டேட்டா போயிடாதுல்ல என்று கேட்டார். நான் திரையிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல் பதில் சொன்னேன்.

உபுண்டுவுக்குள் அந்தப் பட்டியலைப் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு என்ட்ரிக்கும் ஓர் எண் இருக்கும். சின்ன எண் உள்ளது பழசு என்று எடுத்துக்கொண்டு அதை அழித்தேன். எண்ணை வைத்து வயசு சொல்ல முடியாது, காலியாக இருக்கிற முதல் எண்ணைத்தான் புது என்ட்ரிக்குக் கொடுக்கும். எது எந்த ஃபைலைக் காட்டுகிறது என்று விவரமாகப் பார்க்க வழி இருக்கிறது, பார்க்கவில்லை. இப்போது எந்த என்ட்ரி வழியாக பூட் ஆகியிருக்கிறது என்பதே அந்தப் பட்டியலின் முதல் வரியில் போட்டிருக்கும், அதையும் படிக்கவில்லை. நான் அழித்தது ஷிம்மை, அதாவது க்ரப்புக்கு முன்னால் ஓடும் சின்ன புரோகிராமைக் காட்டும் என்ட்ரி. மிச்சம் இருந்தது நேராக க்ரப்பைக் காட்டுவது. சரியான டிஜிட்டல் கையெழுத்து இல்லாததை பூட் ஆக விடாத செக்யூர் பூட் ஆனில் இருந்தால் மதர்போர்டு ஷிம்மின் கையெழுத்தைத்தான் ஏற்கும், அப்புறம் ஷிம்தான் க்ரப்பைச் சரிபார்த்து உள்ளே விடும். நேராக வரும் க்ரப்பை அது விடாது. ரீஸ்டார்ட் செய்ததும் சிவப்புப் பெட்டியில் செக்யூர் பூட் எச்சரிக்கை.

அந்த இடத்தில் நின்று யோசித்திருக்க வேண்டும். லேபில் இருக்கும் டெஸ்க்டாப்புகளில் எத்தனையோ தடவை செய்த பழக்கம், கை தானாக மதர்போர்டின் செட்டிங்ஸான பயாஸுக்குள் போய் செக்யூர் பூட்டை ஆஃப் செய்துவிட்டது. க்ரப் வந்தது. புதிதாகச் சேர்த்த விண்டோஸ் வரியைத் தட்டினேன். நீலத்திரை வந்து, டிரைவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் ரெகவரி கீ கேட்டது. 48 இலக்கம், ஆறாறாக எட்டுக் கட்டு.

“கீ இருக்காம்மா?” என்றேன். “என்ன கீ?” என்றார்.

லேப்டாப் வாங்கிக் கொடுத்தது அவருடைய அண்ணன். அந்த அண்ணனின் மெயில் ஐடியில்தான் முதலில் விண்டோஸ் செட் செய்திருக்கிறார்கள், அதனால் கீ இருந்தால் அந்தக் கணக்கில்தான் இருக்கும். அண்ணன் துபாயில், டூட்டி நேரம், போனை எடுக்கவில்லை. ஆய்வுக்காக ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்த பேட்டிகள் எல்லாம் அந்த டிரைவில். பென்டிரைவில் இருக்கும் பேக்கப் பழையது. இதையெல்லாம் அவர் மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். என்னைக் குறை சொல்லவில்லை. “நீங்கதானே போகாதுன்னு சொன்னீங்க” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது என்று தோன்றுகிறது.

நாற்பது நிமிடம். உபுண்டுவுக்குள் போய் ஷிம்முக்கு மறுபடி என்ட்ரி போட்டேன், செக்யூர் பூட்டைத் திரும்ப ஆன் செய்தேன், க்ரப் பக்கமே போகாமல் எஃப்12-ல் நேராக விண்டோஸைத் தேர்ந்தெடுத்தேன். கீ கேட்கவில்லை, திறந்துவிட்டது. உள்ளே இருக்கும் டிபிஎம் சிப், பூட் ஆகும் விதம் பூட்டு போட்டபோது இருந்தபடியே இருந்தால்தான் சாவியைத் தரும், மாறியிருந்தால் தராது. பழையபடி ஆனதும் தந்துவிட்டது. இதை இன்று விளக்கமாக எழுதுகிறேன். அன்று இதை யோசித்துத்தான் செய்தேனா, இல்லை கடைசியாக மாற்றியதைத் திருப்பி வைப்போம் என்று குருட்டாம்போக்கில் செய்தேனா என்று எனக்கே உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

“நீங்க இல்லேன்னா என்ன ஆயிருக்கும் அண்ணா” என்றார், கண் கலங்கியிருந்தது. “பரவால்லம்மா, முதல்ல அந்தக் கீயை எடுத்து எழுதி வச்சுக்கோங்க, பேக்கப் எடுங்க” என்றேன். சரியான அறிவுரைதான். ஆனால் என் கைவேலையால் வந்தது இது என்று மட்டும் சொல்லவில்லை. ரிஜிஸ்டரில் ‘பூட் பிரச்சினை சரி செய்யப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எனக்குச் சாதகமாகவும் ஒரு வாதம் இருக்கிறது, பல தடவை எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன். பிட்லாக்கர் போட்ட கணினியில் க்ரப் வழியாக விண்டோஸுக்குப் போனாலே, செக்யூர் பூட் ஆனில் இருந்தாலும், அது கீ கேட்கக்கூடும். அப்படியென்றால் அவர் கேட்டதை மட்டும் செய்துகொடுத்து அனுப்பியிருந்தாலும் அன்று ராத்திரி விடுதியில் அவர் அறையில் அதே நீலத்திரை வந்திருக்கலாம், நான் பக்கத்தில் இருந்திருக்க மாட்டேன். இது பொய்யில்லை. ஆனால் பழைய என்ட்ரியை அழிப்பதற்கு முன்னால் அந்த விண்டோஸ் வரியை ஒரு தடவை தட்டிப் பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். தட்டவில்லை. அதனால் இந்த வாதம் எனக்கு ஆறுதலாகவும் இல்லை, விட்டுத்தள்ளவும் முடியவில்லை.

டேட்டா போகவில்லை, நான் சொன்னதுதான் நடந்தது என்றும் சொல்லிக்கொள்கிறேன். தெரிந்து சொன்னது வேறு, சொன்னது பலித்தது வேறு.

போன வாரம் ஜூனியர் பையன் ஒருவன் வந்தான். “லாக் ஆன லேப்டாப்பையே நீங்க திறந்துடுவீங்கன்னு அக்கா சொன்னாங்க சார்.” அவனிடமாவது அப்படியில்லை என்று சொல்லியிருக்கலாம். முதலில் கீ இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். இல்லை என்றான். கொண்டு வந்தால்தான் தொடுவேன் என்று அனுப்பிவிட்டேன். முகம் வாடிப் போனான். ஜாக்கிரதையாக இருக்கிறேனா, பயந்துபோய் இருக்கிறேனா தெரியவில்லை. எப்படியிருந்தாலும் இப்போதெல்லாம் எனக்குப் போகாது என்ற வார்த்தை வாயில் வருவதில்லை, பார்க்கலாம் என்கிறேன்.

அந்த மாணவியின் லேப்டாப் திறந்த அன்றே அந்த விண்டோஸ் வரியை க்ரப் மெனுவிலிருந்து நானே எடுத்துவிட்டேன். நேற்று நூலக வாசலில் அவரைப் பார்த்தபோது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “நல்லா ஓடுது அண்ணா, எஃப்12 பழகிடுச்சு” என்றார். அவர் எதற்காக என்னிடம் வந்தாரோ அது மட்டும் இன்னும் நடக்கவில்லை.