எல் நினோ என்றால் எந்தப் பருவத்தில் என்று கேளுங்கள்

"எல் நினோ வந்தால் இந்தியாவில் மழை பொய்க்கும்." குடிமைப் பணி முதன்மைத் தேர்வுக்குப் பழகுகிறவர்களின் விடைகளில் இந்த வரி தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். எல் நினோ என்பது நிலநடுக்கோட்டை ஒட்டிய பசிபிக்கின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை. ஆனால் எந்தப் பருவத்தில் மழை பொய்க்கும் என்று கேட்டால் பேனா நின்றுவிடும். மதுரைப் பக்கத்து ஆட்கள் இந்தத் தப்பைச் செய்யவே கூடாது. சுரங்கம் வழியாக வைகைக்கு வரும் பெரியாற்றுத் தண்ணீரில் பெரும்பங்கு தென்மேற்குப் பருவமழையின் கணக்கு. நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் பிடிக்கும் அடைமழை வடகிழக்கின் கணக்கு. எல் நினோ முதல் கணக்கில் கை வைக்கும்; இரண்டாவதில் பெரும்பாலும் வரவு வைக்கும்.

காரணத்தை மனப்பாடம் செய்வதைவிட வரைந்து பழகுவது மேல். நிலநடுக்கோட்டை ஒட்டிய பசிபிக்கின் குறுக்குவெட்டு: இடது ஓரம் இந்தோனேசியா, வலது ஓரம் பெரு. வலமிருந்து இடமாக ஒரு அம்பு, அதுதான் வியாபாரக் காற்று. அது வெந்நீரை மேற்கே தள்ளிக் குவிப்பதால் இந்தோனேசியா பக்கம் கடல்மட்டமே ஏறத்தாழ அரை மீட்டர் உயர்ந்திருக்கும். இப்போது மேல்நீரையும் குளிர்ந்த அடிநீரையும் பிரிக்கும் தெர்மோகிளைன் கோட்டைப் போடுங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கடல்மட்டம் மேற்கே உயர்வதைப் பார்த்து இந்தக் கோட்டையும் மேற்கே உயர்த்திவிடுகிறார்கள். நேர்மாறு: வெந்நீர் குவிந்த மேற்கில் கோடு ஆழத்தில் கிடக்கும், பெரு கரையில் மேலே ஏறி நிற்கும். அதனால்தான் அங்கே குளிர்ந்த அடிநீர் சுலபமாக மேலெழுகிறது.

காற்றின் பெயரிலும் குழப்பம் வரும். கொண்டல் என்றால் கிழக்கிலிருந்து வரும் காற்று, கிழக்கே போகும் காற்றல்ல. பாடப்புத்தகத்தின் கிழக்குக் காற்றும் அப்படியே.

எல் நினோவில் அந்த அம்பு தளர்கிறது. வெந்நீர் கிழக்கே பரவ, கிழக்கு–மேற்கு வெப்ப வேறுபாடு குறைகிறது. அதனால் காற்றழுத்த வேறுபாடு குறைகிறது. அதனால் காற்று இன்னும் தளர்கிறது. இந்தச் சங்கிலியை 1969-ல் விளக்கியவர் ஜேக்கப் பியர்க்னஸ். ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கும் காற்றழுத்த ஊசலை மட்டும் அதற்கு முன்பே, 1920-களில், கில்பர்ட் வாக்கர் அடையாளம் கண்டிருந்தார். விடையில் இந்த இரண்டு "அதனால்"களும் இல்லையென்றால், கடலையும் காற்றையும் தனித்தனியாகச் சொன்னதாகத்தான் ஆகும்.

எண்களில் ஒன்றிரண்டு போதும். எல் நினோவை அளக்கும் நினோ 3.4 என்ற பசிபிக் பகுதி: 5° வடக்கு முதல் 5° தெற்கு, 120° முதல் 170° மேற்கு. எல் நினோ என்று சொல்ல, அங்கே கடல்மேற்பரப்பு வெப்பநிலை சராசரியைவிட 0.5° செல்சியஸ் அல்லது அதற்கு மேல் கூடி நீடிக்க வேண்டும்.

பிறகு பருவம். வாக்கர் சுழற்சி என்பது பசிபிக்கின் மேல் மேற்கே எழுந்து கிழக்கே இறங்கும் காற்றுவளையம்; எல் நினோவில் அது இடம் நகரும். ஜூன்–செப்டம்பரில் அதன் கீழிறங்கும் பகுதி இந்தியப் பக்கம் படிவதால் மழைமேகம் எழ வழியில்லை. அக்டோபருக்குப் பின் அதே சுழற்சி மாற்றம் தெற்கு வங்கக்கடலில் கிழக்குக் காற்றுக்கு வலுவூட்ட, ஈரம் தமிழகத்துக்கு வருகிறது. 2015 ஒன்றே இரண்டுக்கும் சான்று: நாடு முழுதும் தென்மேற்கு மழை நீண்டகாலச் சராசரியில் 86 சதவீதம்தான், அதே ஆண்டுக் கடைசியில் சென்னை மிதந்தது.

ஆனால் இதைச் சட்டமாக எழுதிவிடாதீர்கள். இது ஒரு சாய்வு, அவ்வளவே. எல் நினோவுக்கு நேர்மாறாக, நடு, கிழக்குப் பசிபிக் குளிரும் லா நினா இருந்த 2021-ல் வடகிழக்கு மழை தமிழகத்தில் வெளுத்து வாங்கியது. 1997-ல் பெரிய எல் நினோ, ஆனாலும் தென்மேற்கு மழை 102 சதவீதம். 2002-ல் அதைவிட வலுக்குறைந்த எல் நினோ, மழை 81 சதவீதம். 1997-க்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் இந்தியப் பெருங்கடல் இருமுனை: மேற்கு ஓரம் சூடாகி, சுமத்ரா பக்கம் குளிர்ந்தால் அது நேர்நிலை; எல் நினோவின் பாதிப்பை அது ஈடுகட்டக்கூடும்.

2017 முதல்நிலைத் தேர்வில் இந்த இருமுனையைக் கேட்டார்கள். மேற்கு இந்தியப் பெருங்கடலுக்கும் "கிழக்குப் பசிபிக்குக்கும்" உள்ள வெப்ப வேறுபாடு என்று முதல் கூற்று. ஒற்றைச் சொல்லில் பொறி. வேறுபாட்டின் இரு முனைகளும் இந்தியப் பெருங்கடலுக்குள்ளேயே இருக்கின்றன. கடல் பெயரை விரல் வைத்துப் படிக்காதவர்கள் அங்கே மதிப்பெண்ணை விட்டார்கள்.

முதன்மைத் தேர்வில் 3 மணி நேரத்துக்கு 20 கேள்விகள்; 150 சொல் விடைக்கு 7 நிமிடம்தான் கிடைக்கும். படத்துக்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்; அம்பும் தெர்மோகிளைனும் சரியாக இருந்தால் நிழல் தீட்டத் தேவையில்லை. பழக 2016-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: வலுக்குறைந்த லா நினா, இருமுனை எதிர்நிலை, தமிழகத்தில் வடகிழக்கு மழை 62 சதவீதம் குறைவு. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஏன் என்று எழுதிப் பாருங்கள். பருவநிலை மாற்றத்தைக் கடைசி வரியில் இழுத்துப் போடாமல்.