குழலில் படிந்த செம்பை எடுத்த கதை

அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில், வாளியில் சேர்ந்த ரப்பர் பால் உறைந்துவிடாமல் இருக்க அமோனியா விடுவார்கள். அவர் வீடு திரும்பும்போது சேலையிலேயே அந்த வாடை வீசும். இத்தனை ஆண்டுகள் கழித்து, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் வீட்டுப் பின்கட்டில் அதே வாடையோடு நான்கு மாலைகளைக் கழித்தேன். இந்த முறை காரணம் என் ரைபிள்.

உரிமம் பெற்ற .308 ரைபிள் (அந்த எண் குண்டின் விட்டம், அங்குலத்தில்), இலக்குச் சுடுதலுக்கு மட்டும். 100 மீட்டரில் அது போடும் ஐந்து துளைகளை ஒரு தீப்பெட்டியால் மூடிவிடலாம். இந்த ஆண்டு உள்ளங்கையை விரித்து வைத்தாலும் மறையவில்லை. தோட்டா இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைக் கழற்றி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக் குழல்வாய்க்குள் பார்த்தேன். குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டியிருக்கும் வரிப்பள்ளங்களுக்கு நடுவே உள்ள மேடுகளில் வெல்லப்பாகு நிறத்தில் கோடுகள் ஓடின. குண்டின் மேலுறை பெரும்பாலும் செம்பு, சிறிது துத்தநாகம் கலந்தது. சூட்டிலும் உராய்விலும் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் எஃகில் ஒட்டிக்கொள்கிறது.

பூஜைச் செம்பைப் புளி போட்டுத் தேய்ப்பது போல முடித்துவிடலாமே என்று மனைவி கேட்டாள். புளி செம்பின் மேல் படிந்த கறையைத்தான் எடுக்கும். எனக்குச் செம்பே போக வேண்டும், எஃகுக்கு ஒன்றும் ஆகக்கூடாது. அதனால் அமோனியா கலந்த குழல் திரவம் வாங்கினேன். காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்தால்தான் அமோனியா செம்பைக் கரைக்கும். கரைந்ததும் அழகான நீலம் தோன்றும். ஜன்னல்களைத் திறந்து வைத்தேன். குளியலறை வெளுப்புத் திரவத்தை அந்தப் பக்கமே கொண்டுவரவில்லை. இரண்டும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும்.

துணியைக் குழலுக்குள் தள்ளும் கோலைப் பின்பக்கத்திலிருந்துதான் செலுத்தினேன். குழல்வாயின் விளிம்பில் சிறு கீறல் விழுந்தாலும் குண்டு விலகும். திரவத்தில் நனைத்த துணித்துண்டு, பத்து நிமிடக் காத்திருப்பு, பிறகு உலர்ந்த துணி. கருநீலம். மறுபடி நனைத்தேன், மறுபடி நீலம். முதல் மாலை அப்படியே போனது. இரண்டாம் மாலையும் அப்படித்தான். போத்தலில் 15 நிமிடத்துக்கு மேல் விட வேண்டாம் என்று எழுதியிருந்ததால், ஒவ்வொரு இரவும் முழுவதும் துடைத்து எண்ணெய் பூசித்தான் வைத்தேன். மூன்றாம் நாள் துணி நீலமாகவே வந்தபோது குழலே போய்விட்டதோ என்று மனம் கலங்கியது.

பட்டாளத்தில் ஆயுதப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். அவரை அழைத்துவந்தேன். குழலை அவர் பார்க்கவே இல்லை. கோலைத்தான் கையில் எடுத்தார். "தம்பி, துணியை விடு. இந்த முனையில் ஒரு சொட்டு விட்டுப் பார்," என்றார். துணியைத் தாங்கும் முனை பித்தளை. சொட்டு விட்டு வெள்ளைத் துணியால் ஒற்றினேன். அதே நீலம்! பித்தளையிலும் செம்புதானே இருக்கிறது. நான் கரைத்துக்கொண்டிருந்தது பெரும்பாலும் என் சொந்தக் கருவியை.

பிளாஸ்டிக் முனையும் நைலான் பிரஷ்ஷும் மாற்றினேன். அடுத்த துணி கிட்டத்தட்ட வெள்ளையாக வந்தது. ஆனால் டார்ச் வெளிச்சத்தில் கோடுகள் அப்படியே இருந்தன. "மேலே கரி மூடியிருக்கிறது. கரியை எடுக்காமல் செம்பைத் தொட முடியாது," என்றார் அண்ணன். வெடிமருந்துக் கரியும் செம்பும் வெங்காயத் தோல் போல மாறி மாறிப் படிகின்றன. நான் முதல் நாளே கரியை விட்டுவிட்டு நேராகச் செம்புக்குப் போயிருந்தேன். கரி எடுக்கும் திரவம் விட்டு நைலான் பிரஷ்ஷால் தேய்த்ததும் துணி தார் போலக் கறுத்தது. அதைத் துடைத்துவிட்டு அமோனியா விட்டால் உண்மையான நீலம் வந்தது. மீண்டும் கரி, மீண்டும் செம்பு. நான்காம் மாலை மூன்றாவது சுற்றில்தான் இரண்டுமே வெள்ளையாக வந்தன. எஃகு சாம்பல் நிறத்தில், ஒரு கோடும் இல்லாமல் மின்னியது. நம் ஊர் ஈரத்துக்கு வெறும் எஃகு ஒரே இரவில் துருப்பிடிக்கும். உடனே எண்ணெய் பூசினேன்.

ஞாயிற்றுக்கிழமை சுடுதளத்தில் எண்ணெயைத் துடைத்தெடுத்த பிறகே தோட்டாவை வைத்தேன். முதல் மூன்று குண்டுகள் விலகின. சுத்தமான குழல் நிலைப்படச் சில குண்டுகள் பிடிக்கும். அடுத்த ஐந்தின் மேல் அண்ணன் தம் சட்டைப் பையிலிருந்த தீப்பெட்டியை எடுத்து வைத்தார். ஒரு துளையும் வெளியே தெரியவில்லை.