பால் எடை போட்டாச்சா?

கொரோனா பரவலைத் தடுக்க மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச் 18ஆம் நாள் நடப்புக்கு வந்தது. அப்போது நான் கோலாலம்பூரில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தேன். முதல் நாள் இரவே மடிக்கணினியோடு சுங்கை சிப்புட்டில் இருக்கும் அம்மாவிடம் வந்து சேர்ந்துவிட்டேன். மார்ச் 31 வரைதான் என்று முதலில் சொன்னார்கள். இன்றும் வாரத்தில் மூன்று நாள் என் அலுவலகம் அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசைதான்; மற்ற இரண்டு நாளுக்கு ரயிலேறித் தலைநகருக்குப் போகிறேன்.

அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது மரப்பட்டையைக் கத்தியால் சீவிப் பால் எடுத்தவர். விடியலின் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால் இருட்டோடு எழுந்து, ஆளெண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போவார். வெட்டி முடித்து, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக் கொண்டுவந்து எடை போட்டுவிட்டால் அன்றைய வேலை தீர்ந்தது. பட்டை நனையும்படி மழை பெய்தால் வெட்டே இல்லை, அன்றைய வருமானமும் இல்லை. குடியிருந்த லயமும், அதாவது தொழிலாளர் வரிசை வீடும், தோட்டத்துக்குச் சொந்தமானது. வேலை போனால் வீடும் போகும். அந்த வாழ்க்கையை நான் ஒருபோதும் உயர்த்திப் பேசமாட்டேன். ஆனால் வேலை எந்த நேரத்தில் முடிகிறது என்பது அதில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. என் வேலைக்கு அப்படி ஒரு தராசு இல்லை. இரவு பத்து மணிக்கும் கைப்பேசி ஒலிக்கிறது, நானும் எடுத்துப் பார்க்கிறேன்.

திருத்தப்பட்ட வேலைச் சட்டம் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. வார வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைத்த அச்சட்டம், வேலை நேரம், நாள், இடம் ஆகியவற்றை மாற்றிக் கேட்டுத் தொழிலாளி எழுத்துமூலம் விண்ணப்பிக்கவும் வழி செய்தது. முதலாளி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். நானும் அப்படி விண்ணப்பித்துத்தான் இந்த மூன்று நாளைப் பெற்றேன். அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போக முடிகிறது என்ற ஒன்றுக்காகவே அதை எந்நாளும் நன்றியோடு நினைப்பேன்.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பக்கத்து மேசை அக்கா வங்கி அதிகாரியிடமும் தணிக்கையாளரிடமும் தொலைபேசியில் பேசுவதைக் காதில் வாங்கியே பாதித் தொழிலைக் கற்றேன். எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும், எங்கே உறுதியாக நிற்க வேண்டும் என்பதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. அம்மாவும் தம் தாயாரின் பின்னாலேயே மர வரிசைகளில் நிரை நிரையாக நடந்துதான் கத்தி பிடிக்கப் பழகினார். கத்தி பட்டைக்குள் போதிய ஆழம் இறங்காவிட்டால் பால் குறையும், பட்டைக்கு உள்ளிருக்கும் கட்டையைத் தொட்டுவிட்டால் காயம் ஆறிப் புதுப்பட்டை ஒழுங்காக வளராது. அந்த நூலளவு வேறுபாட்டைக் கைதான் கைக்குச் சொல்லும். எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், நான் ஊரிலிருக்கும் நாள்களில் ஐயங்களைத் தட்டச்சு செய்து அனுப்புகிறார். கேட்கத் தெரிந்ததைத்தானே அவரால் கேட்க முடியும்? கேட்கத் தெரியாதவற்றை அவர் எங்கிருந்து கற்பார்? அதனால் தலைநகரில் இருக்கும் இரண்டு நாளும் அவரை என் பக்கத்து மேசையிலேயே அமரச் செய்திருக்கிறேன். தொலைபேசியில் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வதில்லை.

முதல் ஆண்டில் கூட்டம் நடக்கும்போது அம்மா கேமராவுக்குத் தெரியாதபடி குனிந்து வந்து தேநீரை வைத்துவிட்டுப் போவார். இப்போது குனிவதில்லை. மாலை ஆறு மணிக்கு எதிரே வந்து நின்று, "என்னம்மா, பால் எடை போட்டாச்சா?" என்று கேட்கிறார். பல நாள் "இன்னும் இல்லைம்மா" என்றுதான் சொல்லியிருக்கிறேன். சென்ற மாதம் முதல், அவர் கேட்டதும் மடிக்கணினியை மூடி அலமாரியில் வைக்கிறேன். அதன்பிறகுதான் அந்த மேசையில் சோற்றுத் தட்டை வைக்கிறார்.